காளி நதியில் நான்கு நாள்: கனூ, கூடாரம், ஃப்ளை ஃபிஷிங் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெல்லியில் இருக்கும் நாங்கள் பத்துப் பன்னிரண்டு தமிழ் நண்பர்கள் வருஷத்துக்கு ஒரு முறை உத்தராகண்டின் காளி நதிக்குப் போகிறோம். ஆர்.கே.புரம், மயூர் விஹார், துவாரகா, இரண்டு பேர் நொய்டா. பகலில் கனூ என்கிற நீளப் படகில் துடுப்புப் போடுவோம், மாலையில் மணல் திட்டில் கூடாரம் அடிப்போம், காலையிலும் அந்தியிலும் தூண்டில் வீசுவோம். இந்த முறை புதிதாகச் சேர விரும்புகிறவர்கள் நிறையப் பேர். எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான் என்பதால் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

சரியாக எந்த இடம்?

சம்பாவத், பித்தோராகர் மாவட்டங்களின் எல்லையில் இருக்கும் பஞ்சேஷ்வர். அங்கே சரயு ஆறு காளியோடு சேர்கிறது. நம் பவானி கூடுதுறையை நினைத்துக்கொள்ளுங்கள். கரையில் ஒரு சிவன் கோயில், இரண்டு நிறத்தில் தண்ணீர், சுற்றி மலை. அங்கிருந்து ஆற்றோடு கீழே இறங்கி தனக்பூருக்கு மேலே கரையேறுவோம்.

காளிக்கு மகாகாளி என்றும் பெயர் உண்டு. சமவெளிக்கு வந்த பிறகு அதுவே சாரதா. 1816-இல் நடைமுறைக்கு வந்த சுகௌலி ஒப்பந்தப்படி இந்த ஆறுதான் நேபாளத்துக்கும் நமக்கும் எல்லை. வலது கரை இந்தியா, இடது கரை நேபாளம். சாரதா பின்னால் காக்ராவில் சேர்கிறது. அந்தக் காக்ராவைத்தான் அயோத்தியில் சரயு என்கிறார்கள். நாம் துடுப்புப் போடுகிற தண்ணீர் கடைசியில் அயோத்தி வழியாகத்தான் போகிறது என்று முதல் வருஷம் படகோட்டி சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

எப்போது போகலாம்?

மார்ச் நடுவில் இருந்து ஏப்ரல் கடைசி வரை ஒரு பருவம், அக்டோபர் பின்பாதியும் நவம்பரும் இன்னொரு பருவம். மே மாதம் ஆகிவிட்டால் மேலே பனி உருகி காளி சாம்பல் நிறத்தில் கலங்கி வரும். சரயு பனியாற்றில் பிறப்பது இல்லை, அதனால் அது தெளிவாகவே இருக்கும். கலங்கலும் தெளிவும் சேர்கிற அந்தக் கோட்டில்தான் மீன் நிற்கும். மழைக்காலத்தில் போகவே கூடாது. ஆறும் ஆபத்து, மீன்களும் முட்டையிட மேலே கிளையாறுகளுக்கு ஏறும் காலம் அது. அப்போது அவற்றைத் தொந்தரவு செய்வது அநியாயம்.

டெல்லியில் இருந்து எப்படி?

பழைய டெல்லி நிலையத்தில் இருந்து தனக்பூருக்கு பூர்ணாகிரி ஜனசதாப்தி ஓடுகிறது. ஆனந்த் விஹாரில் இருந்து பஸ்ஸும் உண்டு. நாங்கள் சாமான் அதிகம் என்பதால் டெம்போ டிராவலர் எடுத்துக்கொள்கிறோம். இரவு கிளம்பினால் விடிகாலை தனக்பூர். அங்கிருந்து மலைப்பாதையில் சம்பாவத் 75 கி.மீ., அதைத் தாண்டி லோஹாகாட், அப்புறம் பஞ்சேஷ்வருக்கு இறக்கம். வளைவுகள் அதிகம். வண்டியில் வாந்தி வருகிறவர்கள் மாத்திரையை தனக்பூரிலேயே போட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு நீச்சல் தெரியாது. வரலாமா?

அதிகம் வரும் கேள்வி இதுதான். வரலாம், ஆனால் கனூவில் இல்லை. சாமான் ஏற்றி வரும் பெரிய ராஃப்ட்டில் அனுபவமுள்ள படகோட்டியோடு உட்கார வேண்டும். குழுவில் மூன்று பேர் அப்படித்தான் வருகிறார்கள், தூண்டிலில் அவர்கள் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை.

நீச்சல் தெரிந்தவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். குளத்து நீச்சல் வேறு, ஓடும் ஆறு வேறு. கனூ கவிழ்ந்தால் முதலில் செய்ய வேண்டியது மல்லாந்து படுப்பது. கால் இரண்டும் ஆறு போகும் திசையில் நீட்டி, பாதம் நீர்மட்டத்துக்கு வரும்படி வைத்துக்கொள்ள வேண்டும். பாறை வந்தால் காலால் உதைத்துத் தள்ளலாம். எக்காரணம் கொண்டும் வேகமாக ஓடும் தண்ணீரில் எழுந்து நிற்க முயலாதீர்கள். பாறை இடுக்கில் பாதம் மாட்டிக்கொண்டால் ஆற்றின் வேகமே உங்களைக் குப்புறத் தள்ளி அமுக்கிவிடும். இடுப்பளவு தண்ணீரிலேயே ஆட்கள் இப்படிச் சாகிறார்கள். முழங்காலுக்குக் கீழே தண்ணீர் இருக்கும் இடம் வந்த பிறகுதான் எழ வேண்டும்.

கவிழ்ந்த கனூவைப் பிடித்துக்கொள்வதாக இருந்தால் அதற்கு மேல்பக்கமாக, அதாவது தண்ணீர் வரும் பக்கமாக இருங்கள். கீழ்ப்பக்கம் போனால் கனூவுக்கும் பாறைக்கும் நடுவில் நசுங்க நேரும். கனூ பாறையில் மோதி நிற்கும்போது மனசு பாறையை விட்டு விலகிச் சாயச் சொல்லும். கேட்காதீர்கள். பாறையை நோக்கிச் சாய்ந்து, அதைக் கட்டிப்பிடித்துக்கொள்வது போல இருந்தால்தான் கனூ கவிழாது.

உயிர்காப்பு ஜாக்கெட்டும் ஹெல்மெட்டும் தண்ணீரில் இருக்கும் ஒவ்வொரு நிமிஷமும். இரண்டாம் வருஷம் வாடகைக்கு எடுத்த ஜாக்கெட்டுகளில் பாதி நுரை மக்கிப்போய் இருந்தது, பஞ்சேஷ்வர் போய்த்தான் தெரிந்தது. நான்கு பேர் அந்த முறை ஆற்றில் இறங்கவே இல்லை, கரையோடு நடந்து ஒரே நாளில் திரும்பினார்கள். அப்போதிருந்து டெல்லியிலேயே ஒவ்வொன்றையும் போட்டு, தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பார்த்த பிறகுதான் கட்டுகிறோம். காதுக்கு மேல் ஏறினால் அது உங்கள் அளவு இல்லை.

கனூ என்றால் நம் பரிசல் மாதிரியா?

ஒகேனக்கல் பரிசல் வட்டம், எந்தப் பக்கமும் திரும்பும். கனூ நீளம், நேராக ஓடும். நாங்கள் எடுத்துப்போவது காற்றடைக்கும் வகை, இரண்டு பேர் உட்காரலாம். முன்னால் இருப்பவர் வேகம் கொடுப்பார், பின்னால் இருப்பவர் திசை பார்ப்பார். புருஷன் பெண்சாதியை ஒரே கனூவில் போடுவதில்லை என்பது எங்கள் வழக்கம். பாறைகளுக்கு நடுவே தண்ணீர் வேகமாகப் பாயும் இடத்தை ரேப்பிட் என்போம், முதல் ரேப்பிட்டிலேயே சண்டை வந்துவிடுகிறது.

ரேப்பிட்டுகள் பெரும்பாலும் நடுத்தரமானவை, சில இடங்கள் கடினமானவை. கடினமான இடத்துக்கு முன்னால் எல்லோரும் கரையேறி, நடந்து போய் மேலிருந்து பார்ப்போம். தலைமைப் படகோட்டி 'கனூ வேண்டாம்' என்றால் வேண்டாம்தான், அங்கே விவாதம் கிடையாது. துடுப்புப் பழக விரும்புகிறவர்கள் முன்னதாக ஒரு வார இறுதி பீம்தாலிலோ நௌகுசியாதாலிலோ கயாக் வாடகைக்கு எடுத்துப் பழகுங்கள். ஏரிதான் என்றாலும் கைக்குப் பழக்கம் வரும்.

ஃப்ளை ஃபிஷிங் சாதாரணத் தூண்டிலில் இருந்து எப்படி வேறு?

நாம் ஊரில் வீசிய தூண்டிலில் ஈயக்குண்டோ இரையோ கனமாக இருக்கும். அந்தக் கனம்தான் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். ஃப்ளை என்பது இறகும் நூலும் கட்டிய ஒரு முள், அதற்குக் கனமே இல்லை. ஆகவே இங்கே கனம் நரம்பில் இருக்கிறது. தடிமனான, பூச்சுப் பூசிய நரம்பு. கோலைப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினால் நரம்பு பின்பக்கம் பறந்து நீளும். அது முழுக்க நீண்டு, கோல் லேசாக வளையும் அந்த நொடியில் முன்னால் கொண்டுவர வேண்டும். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு, பின்னால் காத்திருக்காமல் அவசரப்படுவது. சாட்டை மாதிரி 'சொட்'டென்று சத்தம் வந்தால் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம், முனையில் இருந்த ஃப்ளையும் அறுந்து போயிருக்கும். பலத்துக்கு இதில் வேலை மிகக் குறைவு. எங்கள் குழுவில் அழகாக வீசுகிறவர் 61 வயது அக்கா ஒருவர். வீணை கற்றவர், தாளம் கையில் இருக்கிறது.

நாங்கள் தேடிப்போகும் மஹ்சீர் மீனுக்கு 8 அல்லது 9-ஆம் எண் கோல் (எண் கூடக் கூடக் கோலும் நரம்பும் கனம்), ஒன்பதடி நீளம். ரீலில் நரம்புக்குப் பின்னால் கட்டும் பின்நூல் நூறு மீட்டருக்குக் குறையாமல் வேண்டும், ஏனென்றால் முள்ளில் மாட்டிய மீனின் முதல் ஓட்டம் அப்படி இருக்கும். ஃப்ளை பெரும்பாலும் குட்டிமீன் போலக் கட்டியது. ஆற்றின் குறுக்கே, சற்றுக் கீழ்நோக்கி வீசி, நீரோட்டத்தில் அது வளைந்து வரும்போது இடது கையால் நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும். மீன் கவ்வியதும் கோலைத் தூக்கிவிடாதீர்கள். நரம்பைக் கையால் சுண்டி இழுத்தால்தான் முள் பதியும். ஹிமாச்சலில் டிரவுட் பிடித்துப் பழகியவர்கள் இந்த இடத்தில்தான் மீனை விடுகிறார்கள்.

எங்கே வீசுவது? ரேப்பிட் முடிந்து தண்ணீர் கசத்தில் இறங்கும் இடம், பெரிய பாறைக்குப் பின்னால் இருக்கும் அமைதியான நீர், கிளையாறு சேரும் வாய். விடிந்த முதல் ஒன்றரை மணி நேரமும் வெயில் மலைக்குப் பின்னால் போன பிறகும்தான் நல்ல நேரம்.

கனூவில் இருந்து வீசுவதில்லை. காற்றடைத்த கனூவும் கூரான முள்ளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டியவை இல்லை. கரையில் வீசும்போதும் தொப்பியும் கண்ணாடியும் கட்டாயம். பின்னால் ஆள் இல்லை என்று திரும்பிப் பார்த்துவிட்டு வீசுங்கள்.

என்ன மீன் கிடைக்கும்?

பொன்னிற மஹ்சீர். உத்தராகண்டின் மாநில மீன். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் அழியும் அபாயத்தில் உள்ள இனமாக இருக்கிறது. கெண்டை குடும்பம்தான், ஆனால் கெண்டை என்று நினைத்து அலட்சியமாக நின்றால் கோல் கையில் இருக்காது. தாடையில் பல் கிடையாது, தொண்டைக்குள் இருக்கும் பல்லால் நண்டையும் நத்தையையும் நொறுக்கித் தின்னும். எங்கள் குழுவுக்குக் கிடைத்தவை பெரும்பாலும் ஒன்றில் இருந்து மூன்று கிலோ. குளிர்ந்த நீரில் வாழும் அசேலாவும் சில சமயம் வரும். கூஞ்ச் என்கிற பெரிய கெளுத்தியும் இந்த ஆற்றில் உண்டு, அது ஃப்ளைக்கு வருவது அபூர்வம்.

பிடித்ததைச் சமைக்கலாமா? ஒன்றே ஒன்று?

கூடாது, ஒன்று கூட.

முதல் வருஷம் எனக்கு இரண்டரை கிலோ மீன் ஒன்று விழுந்தது. வாழ்க்கையில் முதல் மஹ்சீர். வெயிலில் செதிள் ஒவ்வொன்றும் பித்தளைக் காசு போல மின்னியது. சூடான பாறையில் அதைக் கிடத்தி அளந்தோம். ஆளுக்கு ஒரு போட்டோ எடுத்தோம். முகம் சரியாக வரவில்லை என்று இன்னொரு முறை எடுத்தோம். தண்ணீரில் விட்டபோது பக்கவாட்டில் சாய்ந்தது. பிடித்து நிமிர்த்தினேன், மறுபடி சாய்ந்தது. அரை மணி நேரம் இடுப்பளவு தண்ணீரில் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். செவுள் அசைவது நின்று போனது. படகோட்டி தாஜு ஒரு வார்த்தை பேசவில்லை, அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. அந்தப் போட்டோவை நான் யாருக்கும் காட்டியதில்லை.

அதில் இருந்து வந்தவைதான் எங்கள் விதிகள். முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறட்டால் நசுக்கிவிட வேண்டும், அப்போதுதான் எளிதில் கழலும். மீனை இழுத்து இழுத்து விளையாட்டுக் காட்டக் கூடாது, களைத்துப்போன மீன் பிழைக்காது. கையை நனைத்த பிறகுதான் தொட வேண்டும், உலர்ந்த கை அதன் மேல் இருக்கும் வழவழப்பை எடுத்துவிடும், அதுதான் நோயில் இருந்து அதைக் காப்பது. செவுளுக்குள் விரல் விடக் கூடாது. போட்டோ வேண்டுமானால் மீன் தண்ணீரில் இருக்கும்போதே எடுங்கள், தூக்கினால் மூச்சை அடக்கி மூன்று எண்ணுவதற்குள் இறக்குங்கள். பிறகு தலையை நீரோட்டத்துக்கு எதிராக வைத்து, வாலடியை லேசாகப் பிடித்துக்கொள்ளுங்கள். தெம்பு வந்ததும் அதுவே உங்கள் கையை உதறிவிட்டுப் போகும். அந்த உதறலுக்காகத்தான் நான் ஒவ்வொரு வருஷமும் போகிறேன்.

நான் சைவம். இது பாவமில்லையா?

குழுவில் பாதிப் பேர் சைவம், இந்தக் கேள்வியை நாங்களே எங்களுக்குள் கேட்டுக்கொண்டதுதான். முள் குத்தும், மீனுக்கு அது துன்பம்தான், மறைக்க ஒன்றும் இல்லை. சிருங்கேரியில் துங்கா படித்துறையில் பொரி போட்டிருப்பீர்களே, அந்தப் பெரிய மீன்களும் மஹ்சீர் இனம். குமாவோனில் பைஜ்நாத் கோயில் துறையிலும் இதே போல மஹ்சீரைக் காக்கிறார்கள். அது உயர்ந்த வழி, மறுக்க மாட்டேன். ஆனால் கோயில் துறை இல்லாத நீண்ட ஆற்றில் வெடி வைத்தும் பிளீச்சிங் பவுடர் கொட்டியும் மீனைக் கொல்கிறார்கள். 1897-இன் மீன்வளச் சட்டம் தொட்டே அது குற்றம், இருந்தும் நடக்கிறது. கரையில் தூண்டிலோடு ஆட்களும், அவர்களை நம்பிப் பிழைக்கும் உள்ளூர்ப் படகோட்டிகளும் இருக்கும் இடத்தில் வெடி வைக்கத் துணிவு வருவதில்லை. இந்தக் காரணம் உங்களுக்குப் போதவில்லை என்றால் தூண்டிலைத் தொடாமல் கனூவுக்காக மட்டும் வாருங்கள். இரண்டு பேர் அப்படி வருகிறார்கள்.

அனுமதி, அடையாள அட்டை?

மீன்பிடி அனுமதிச் சீட்டும் முகாமுக்கான அனுமதியும் கிளம்பும் முன்பே கையில் இருக்கும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் வாக்காளர் அட்டையோ பாஸ்போர்ட்டோ அசலாக எடுத்து வாருங்கள். எல்லையில் எஸ்.எஸ்.பி. காவலர்கள் கேட்பார்கள். முகாம் இந்தியக் கரையில் மட்டும். அக்கரை ஐம்பது துடுப்பு தூரம்தான், ஆனாலும் அது வேறு நாடு. டிரோன் கொண்டுவராதீர்கள்.

இரவில் ஆறு ஏறாதா? புலி, சிறுத்தை?

ஏறும். மேலே தௌலிகங்காவில் 280 மெகாவாட் நீர்மின் நிலையம் இருக்கிறது. அங்கே தண்ணீர் திறந்தாலும், மலையில் மழை பெய்தாலும் இங்கே மட்டம் மாறும். கூடாரத்தைப் பழைய வெள்ளக்கோட்டுக்கு மேலே அடிப்போம். காய்ந்த சருகும் குச்சியும் வரிசையாக ஒதுங்கிக் கிடக்கும் இடம்தான் வெள்ளக்கோடு. தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சி நட்டு வைத்து, இரவில் எழும்போதெல்லாம் டார்ச் அடித்துப் பார்ப்போம். கனூக்களை இழுத்து மேலே கொண்டுவந்து மரத்தில் கட்டுவோம்.

விலங்குகளைப் பற்றிக் கேட்டால், ஜிம் கார்பெட் 1907-இல் சம்பாவத் ஆட்கொல்லியையும் 1938-இல் தாக் ஆட்கொல்லியையும் சுட்ட நாடு இதுதான். நாம் கடைசி இரவு தங்குவது லத்யா ஆறு சேரும் சூக்கா பக்கம், தாக் கிராமம் அதற்கு மேலே இருக்கிறது. இன்றைக்கும் சிறுத்தை உண்டு. இருட்டிய பிறகு தனியாக முகாமை விட்டுப் போகக் கூடாது, கழிப்பறைக்கும் இரண்டு பேராகத்தான்.

சாப்பாடு?

முதல் நாள் புளியோதரையும் எலுமிச்சை சாதமும் வீட்டிலிருந்து. அப்புறம் புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, நல்லெண்ணெய். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்க வேண்டியதை வாங்கிக்கொள்ளலாம். ராத்திரி சுடச்சுட ரசம் சாதம், சுட்ட அப்பளம். எட்டு மணி நேரம் ஈரத்தில் இருந்த உடம்புக்கு மிளகு ரசம் போல ஒன்று கிடையாது.

ஒரு முறை கொள்ளு ரசம் வைத்தோம். தாஜு குடித்துவிட்டு "இது எங்கள் கஹத்" என்றார். குமாவோனில் கொள்ளுக்கு அதுதான் பெயர். அவர்களுடைய மண்டுவா ரொட்டி நம் கேழ்வரகு. மறுநாள் அவர் ரொட்டி, நம் பூண்டுச் சட்னி. இப்போது அது வருஷா வருஷம் நடக்கிறது. வயதில் மூத்த படகோட்டிகளை தாஜு என்று அழையுங்கள், அண்ணன் என்று பொருள். ஹிந்தி சரளமாக வராதவர்களுக்கு அந்த ஒரு சொல்லே பாதி வேலையைச் செய்துவிடும்.

கழிப்பறை வசதி? பெண்கள் வரலாமா?

போன முறை பதினோரு பேரில் ஐந்து பேர் பெண்கள். தண்ணீரில் இருந்து எழுபது தப்படி தள்ளி ஒரு முழம் ஆழக் குழி, சுற்றிலும் துணிக்கூடாரம், பக்கத்தில் மண்ணும் கரண்டியும். நாப்கின், டிஷ்யூ எல்லாம் மூடிய பையில் டெல்லிக்கே திரும்பும். மாதவிடாய் நாளாக இருந்தால் என்னிடம் சொல்ல வேண்டியதில்லை, குழுவில் இருக்கும் அக்காக்களிடம் சொல்லுங்கள், கனூவில் போகும் நேரத்தை அதற்கேற்ப மாற்றிக்கொள்வோம்.

ஃபோன் எடுக்குமா?

பஞ்சேஷ்வரை விட்டால் பெரும்பாலும் எடுக்காது. சில இடங்களில் நேபாள டவர் பிடிக்கும், ரோமிங் பில் வரும், அணைத்து வையுங்கள்.

செலவு?

வண்டி, ராஃப்ட், படகோட்டிகள் சம்பளம், அனுமதி, சாப்பாடு எல்லாம் கூட்டித் தலைக்குச் சமமாகப் பிரிப்போம். கணக்கு எல்லோருக்கும் தெரியும்படி எழுதப்படும். கோல் வாங்க வேண்டாம், குழுவில் நான்கு இருக்கிறது. படகோட்டிகளுக்கான தொகையில் மட்டும் பேரம் கிடையாது.

அணை கட்டப் போகிறார்களாமே?

1996-இல் இந்தியாவும் நேபாளமும் செய்த மகாகாளி ஒப்பந்தத்தில் பஞ்சேஷ்வர் அணை இருக்கிறது. 300 மீட்டருக்கு மேல் உயரம் கொண்ட திட்டம். வந்தால் இந்தக் கூடுதுறை, கோயில், மேலே இருக்கும் ஊர்கள் எல்லாம் தண்ணீருக்குள் போகும். மின்சாரமும் பாசனமும் வேண்டும் என்கிறவர்களின் தேவையும் உண்மைதான். ஆனால் ஓடுகிற ஆற்றில்தான் மஹ்சீர் முட்டையிட மேலேறும், அணை குறுக்கே நின்றால் அதற்கு வழி இல்லை. என் பிள்ளைகள் இந்த ஆற்றை ஓடும் நிலையில் பார்த்துவிட வேண்டும் என்று போன முறை இருவரையும் கூட்டிப்போனேன். பெரியவனுக்கு 14 வயது. அதற்குக் குறைந்தவர்கள் ராஃப்ட்டில் மட்டும்.

ஒரு மீனும் கிடைக்காவிட்டால்?

நான்கு நாளும் கோலை விடாமல் வீசி ஒன்றும் கிடைக்காமல் திரும்பியவர்கள் உண்டு. மூன்றாம் வருஷம் நானே அப்படித்தான். அவர்களில் ஒருவர் தவிர மற்ற எல்லோரும் அடுத்த வருஷமும் வந்தார்கள்.

சரி, நான் வருகிறேன். முதலில் என்ன செய்ய வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு மயூர் விஹார் பூங்காவுக்கு வாருங்கள், வழியை ஃபோனில் சொல்கிறேன். புல்தரையில் முள்ளுக்குப் பதில் சிவப்புக் கம்பளி நூல் கட்டி வீசிப் பழகுகிறோம். நடைப்பயிற்சிக்கு வரும் பெரியவர்கள் நின்று பார்ப்பார்கள், வெட்கப்பட வேண்டாம். மூன்று ஞாயிறு வந்தால் நரம்பு நேராக விழத் தொடங்கிவிடும். ஃபிளாஸ்க்கில் காப்பி நான் கொண்டுவருகிறேன்.